பேய் போன பிறகு

ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் கணவன் எழுந்தான். அவள் பெண்கள் பக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

டயர் கடைக்கு மேலே சபைக்காக வாடகைக்கு எடுத்த கூடம் அது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், இரண்டு மின்விசிறிகள். பாட்டுகள் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று சொல்லலாம். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, மருமகள் உண்டாகியிருக்கிறாள். பெரும்பாலும் இப்படித்தான்.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சபையில் அவனுக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாயை ஒட்டிப் பிடித்தான். கூடம் கிறீச்சிட்டது.

"எனக்குள்ள ஒண்ணு இருந்துச்சு," என்றான். "பல வருஷமா இருந்துச்சு. என் பொண்டாட்டி மேல கை வெச்சது நான் இல்லை. அதுதான். போன வெள்ளிக்கிழமை பாஸ்டர் என் தலையில கை வெச்சு ஜெபிச்சார். அது என்னை விட்டு ஓடிப்போச்சு. இப்ப நான் சுத்தமா இருக்கேன்."

கைதட்டல் எழுந்தது. அல்லேலூயா என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. அவள் அழுகிறாளா என்று பார்த்தார்கள். அவளும் கைதட்டினாள். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மகள் தட்டவில்லை. முழங்கால் மேல் இருந்த பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நேராக அவளிடம் வந்தார். சூதுவாது தெரியாத மனிதர். நல்ல செய்தி சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

"சிஸ்டர், சனிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்க. பிரதரும் வருவார். ஜெபம் பண்ணி ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிடறேன்."

"பாக்கறேன் பாஸ்டர்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? வீடு இப்ப கூட்டிப் பெருக்கின மாதிரி இருக்கு. அதைக் காலியா விடக்கூடாது. விட்டா, போன பேய் இன்னும் ஏழு பேரைக் கூட்டிட்டுத் திரும்பி வரும். நான் சொல்லலை, ஆண்டவரே சொன்னது."

படிக்கட்டருகே கணவன் நின்றிருந்தான். முகம் மழித்து, சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். அவளைப் பார்த்தான். மகளைப் பார்த்துச் சிரித்தான். மகள் அம்மாவின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டாள்.

அந்த ஏழு பேரும் பேருந்தில் அவளோடு ஏறினார்கள். அவள் வீடு திரும்பாவிட்டால் அவர்கள் வருவார்கள். வந்தால், வரவிட்டவள் அவள்.

*

அவளும் அக்காளும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைக்கூடம். படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடித்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் விட்டால் சுருக்கமில்லாமல் மறுபக்கம் வரும். ஒருத்தி யோசனையில் இருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

"ஏன்டி, உன் வீட்டுக்காரருக்குப் பேய் இறங்கிடுச்சாமே," என்றாள் அக்காள்.

"உனக்கு யார் சொன்னா?"

"உன் பொண்ணுதான். வேற யாரு? மைக்ல சொன்னாராமே. கல்யாணத்துக்குக்கூட அந்த மனுஷன் இவ்வளவு பேசலை."

"கிண்டல் பண்ணாதக்கா."

"பண்ணலை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அவரோட மேனேஜர் எல்லார் முன்னாடியும் அவரைக் கிழிகிழின்னு கிழிப்பான்னு நீயே சொல்லியிருக்கே. அப்பல்லாம் அந்தப் பேய் எங்க போயிருந்துச்சு? கேன்டீனுக்கு டீ குடிக்கவா?"

"துணியைப் பாரு."

"நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். உன் பக்கம்தான் சுருங்குது."

அக்காளுக்குச் சுலபம். அவள் கோயிலுக்குப் போவது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும். பேய் என்றால் சிரித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள். தங்கைக்கு அப்படி முடியாது. அவள் நம்பினாள். வேதத்தில் இருக்கிறது, ஆண்டவர் அவற்றோடு பேசினார், அதட்டினார், துரத்தினார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. பேய் என்ற வார்த்தையை முதலில் எடுத்தவள் அவள்தான்.

உதடு கிழிந்து பாஸ்டர் வீட்டுக்குப் போன அன்று, அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "அது அவர் இல்லை பாஸ்டர். அந்த நேரத்துல அவர் கண்ணே வேற மாதிரி ஆயிடும். உள்ள ஏதோ இருக்கு." சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. உள்ளே வேறொன்று இருந்தால் வெளியே இருப்பவன் நல்லவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகக் கொடுப்பவன். மகளுக்கு ஷூ கயிறு கட்டிவிடுபவன். அவனோடுதான் தான் குடித்தனம் நடத்துவதாக அவள் இத்தனை காலம் எண்ணிக்கொண்டாள். மற்றது வந்து போகும்.

இப்போது மற்றது போய்விட்டது. நல்லவன் மட்டும் மிச்சம். பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

மதிய இடைவேளையில், துவாலை மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு, கைபேசியில் வேதத்தைத் திறந்தாள். வாதம் பண்ணுவதற்காக அல்ல. பேய் விட்டுப் போன பிறகு ஒரு ஆள் எப்படி இருப்பான், வீட்டார் எதைப் பார்த்து அவனை உள்ளே விட்டார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கல்லறைகளில் திரிந்தவனிடம் முதலில் போனாள். விலங்குகளை முறித்தவன். இரவும் பகலும் கத்தி, கற்களால் தன்னையே கீறிக்கொண்டவன். ஆண்டவர் வந்ததும் அவன் துணி உடுத்தி, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருந்தான். கூடவே வருகிறேன் என்று கெஞ்சினான். வேண்டாம், உன் வீட்டுக்குப் போ என்றார்.

அங்கே நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. கதவைத் திறந்தது யார் என்றும் எழுதவில்லை.

மற்றவர்களையும் தேடினாள். தீயிலும் தண்ணீரிலும் தள்ளப்பட்ட பையன். முதுகு வளைந்து நிமிர முடியாத பெண். பேச்சு வராதவன். வேற்றூர்த் தாய் ஒருத்தி விடாமல் மன்றாடிய சிறுமி. தாய் வீடு திரும்பியபோது அந்தச் சிறுமி கட்டிலில் அமைதியாகக் கிடந்தாள். எல்லோரும் வதைபட்டவர்கள். அசுத்த ஆவிகள் தாங்கள் குடியிருந்த உடம்பைத்தான் அடித்தன, எறிந்தன, ஊமையாக்கின. கல்லறைக்காரனின் வழியே யாரும் நடக்க முடியவில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. அதையும் அவள் தள்ளிவிடவில்லை. ஆனால் அவன் ஆள் பார்க்கவில்லை. எதிரே வந்த எவன் மேலும் பாய்ந்தான்.

தப்பு செய்தவர்களிடம் போனாள். ஏமாற்றி வரி பிடுங்கியவன் மரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆண்டவர் அவன் தலையில் கை வைக்கவில்லை. எதையும் அதட்டவில்லை. உன் வீட்டுக்கு வருகிறேன், இறங்கு என்றார். அவன் எல்லோர் முன்பும் எழுந்து நின்று, ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

அவனுக்குள் எதுவும் இல்லையா? இருந்திருந்தால் ஆண்டவருக்குத் தெரிந்திருக்காதா?

மணி அடித்தது. கை முழுக்க பிளீச் வாடையோடு உருளைக்குத் திரும்பினாள். அன்று அவள் பக்கத்துத் துணி எல்லாமே கோணலாக வந்தது. அக்காள் அவற்றைத் திரும்ப எடுத்து உருளைக்குள் விட்டாள்.

*

வியாழக்கிழமை மாலை மழை பிடித்தது. அக்காள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மகள் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சாரல் உள்ளே அடித்து நோட்டை நனைத்தது. அவள் போய் ஜன்னலை மூடினாள். திரை நனையாதிருக்க அதை ஒதுக்கிவிட்டுத் திரும்பினாள்.

மேஜையில் மகள் இல்லை. நோட்டும் பென்சில் டப்பாவும் இல்லை. குளியலறையில் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

"என்னடி கண்ணு, அங்க என்ன பண்றே?"

"ஒண்ணும் இல்லம்மா. கணக்குப் போடறேன்."

"பாத்ரூம்லயா?"

மகள் கதவுக்குள்ளிருந்தே சொன்னாள். "நீ ஜன்னலை மூடினே."

"மழை அடிச்சுதுடி."

"சரி."

தாழ்ப்பாள் உடனே திறக்கவில்லை. அவள் ஈரக்கையோடு அங்கேயே நின்றாள்.

அவர்கள் வீட்டில் கணவன்தான் மூடுவான். தெருப்பக்கத்து ஜன்னலை முதலில். அதன் சட்டம் ஊறிப் போயிருந்தது. கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சேரும். பொறுமையாகத் தூக்கிப் பிடித்து மூடுவான். பிறகு சமையலறை ஜன்னல். பிறகு டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். அதற்கப்புறம்தான் அவள் பக்கம் திரும்புவான். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவளுக்குப் பாம்புச் செவி.

இதெல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது. ஒரு தடவையும் அவள் பார்த்ததில்லை. திரும்பும்போது அவன் கண் எப்படி இருந்தது என்பதை மட்டும் பார்த்தாள். குழந்தை ஜன்னலைப் பார்த்திருக்கிறாள்.

கல்லறைக்காரன் மலையில் கத்தினான். ஊருக்கே கேட்டது. அவன் எதையும் மூடவில்லை.

ஜன்னலைத் திறந்தாள். சாரல் மேஜை மேல் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

*

சனிக்கிழமை அவள் போனபோது கணவன் முன்னாலேயே வந்திருந்தான். பாஸ்டர் வீட்டுக் கூடம் சின்னது. மூன்று நாற்காலி போட்டால் நடக்க இடமில்லை. மேஜையில் வேதமும் ஒரு சிறிய எண்ணெய்ப் புட்டியும் இருந்தன. அவன் முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா வரலையா?" என்று கேட்டான்.

"வரலை."

பாஸ்டர் புட்டியைத் திறக்கப் போனார். "ஆரம்பிக்கலாமா?"

"ஒரு விஷயம் கேக்கணும் பாஸ்டர்," என்றாள். "பொய் சொன்னவன், ஏமாத்தினவன், அடுத்தவனை அடிச்சவன். இவங்கள்ல யாருக்காவது ஆண்டவர் பேய் ஓட்டியிருக்காரா? நான் தேடினேன். எனக்குக் கிடைக்கலை. நீங்க படிச்சவர்."

பாஸ்டர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். "இருக்கே சிஸ்டர். காட்டிக்கொடுத்த சீஷன். அவனுக்குள்ள சாத்தான் புகுந்தான்னு பச்சையா எழுதியிருக்கு."

"நானும் பாத்தேன். அவனை விட்டுத் துரத்தினாரா?"

பாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். விரலால் தடவிப் படித்தார். நேரம் பிடித்தது. பக்கத்து அறையில் குளிர்சாதனப் பெட்டி முனகி அடங்கியது.

"துரத்தலை," என்றார். "செய்யறதைச் சீக்கிரம் செய்னு சொல்லி அனுப்பிட்டார்."

அவரே இன்னொரு இடத்தைத் திருப்பினார். படித்தார். இரண்டாம் முறை படித்தார். "அப்புறம் அவன் திரும்பிப் போய்ச் சொல்றான். நான் பாவம் பண்ணிட்டேன்னு. உள்ள புகுந்தவன் பண்ணான்னு சொல்லலை." கண்ணாடியைக் கழற்றினார். "இதுல நாலஞ்சு தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன். இப்படிப் பாத்ததில்லை."

"இப்ப எதுக்கு பாஸ்டர் இந்த ஆராய்ச்சி?" என்றான் கணவன். "போயிடுச்சு, சாட்சி சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "ஜன்னலை மூடினது யாரு?"

"எந்த ஜன்னல்?"

"தெருப்பக்கத்து ஜன்னல். லேசாத் தூக்கினாத்தான் சேரும். ஒவ்வொரு தடவையும் அதை மூடிட்டு, டி.வி.யைச் சத்தமா வெச்சுட்டு, அப்புறம்தான் என் பக்கம் திரும்புவீங்க. மூடினது யாரு?"

"அதுவும் அதுதான். எனக்கு எப்படித் தெரியும்? நான் நானாவா இருந்தேன்?"

"அக்கம்பக்கத்துல கேட்டா அதுக்கு என்ன? அதுக்கு வேலை போகுமா? மானம் போகுமா?"

அவன் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது ஒரு வசனம் சொல்லி ஆளைக் கைதூக்கி விடுவார். இன்று அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"மூடினது ஞாபகம் இருக்கா பிரதர்?"

அவன் கைகளைப் பிரித்தான், மறுபடி கோத்தான்.

"இருக்கு."

பாஸ்டர் வேதத்தை மூடி வைத்தார்.

"சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு மூடினேன்," என்றான். "நான்தான் மூடினேன்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு நடுவே குரல் வந்தது. "அந்த வெள்ளிக்கிழமை நான் நடிக்கலை. சத்தியமா நடிக்கலை. என்னமோ என்னை விட்டுப் போச்சு. உடம்பே உதறிச்சு."

"நானும் நடிக்கலை பிரதர்," என்றார் பாஸ்டர் மெதுவாக.

"பேயாவே இருந்திருக்கலாம்," என்றான் கணவன்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. எந்தப் பேயும் ஆண்டவருடைய ஒரு வார்த்தைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. போ என்றார், போயிற்று. அது போன இடத்தில் ஒரு நல்ல ஆள் துணி உடுத்தி உட்கார்ந்திருப்பான். அவளும் அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷம் கேட்டாள். ஒரு மனிதன் தன்னைத்தானே விட்டு எங்கே போவான்? இவனேதான் ஆரஞ்சு உரித்தான். இவனேதான் ஜன்னலை மூடினான். அந்தக் கைகள் இப்போது அவன் முகத்தில் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். இரண்டு கைகள்தான் இருந்தன.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "உண்மையைச் சொல்லிட்டேன்ல? வந்துடறியா?"

அந்த அவசரம் அவளுக்குத் தெரிந்த அவசரம். வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது. இன்று ஒன்று சொன்னான், இன்றே எல்லாம் சரியாக வேண்டும்.

"வரலை," என்றாள்.

"எப்ப வருவே?"

"தெரியாது. வருவேன்னே நான் சொல்லலை."

"வீடு காலியா இருக்கும்மா. காலியா விடக்கூடாதுன்னு பாஸ்டரே சொன்னாரே. ஏழு பேர் வந்தா?"

அவள் வாய் திறப்பதற்குள் பாஸ்டர் சொன்னார். "அதுல வீடுங்கறது நீங்க பிரதர். அவங்க இல்லை. உங்களை நிரப்ப அவங்களைக் கூப்பிட்டது நான் பண்ணின தப்பு." அவருக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்குச் சபையிலயும் சொல்லணும். போயிடுச்சுன்னு அறிவிச்சவன் நான். நான்தான் முதல்ல எழுந்திருக்கணும்."

"சபையிலயா?" கணவன் நாற்காலி நுனிக்கு வந்தான். "எல்லார் முன்னாடியுமா? ஐயோ, வேண்டாம் பாஸ்டர். இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா..."

மீதியை மென்று விழுங்கினான். தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவனுக்கே உறைத்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

"நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்," என்றாள் அவள். "ஆனா பாப்பாகிட்ட சொல்லணும். பேய்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கோம். அவ நம்பலை. நம்பின மாதிரி நமக்காக இருக்கா. அவகிட்ட நீங்க சொல்லித்தான் ஆகணும். நான் கூட்டிட்டு வர்றேன். இங்கயே. பாஸ்டர் இருக்கும்போது."

"என்ன சொல்றது?"

"ஜன்னலைச் சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

அவன் தலையாட்டினான். சரி என்பதற்கா, முடியாது என்பதற்கா என்று சொல்ல முடியாத ஆட்டல்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாஸ்டரும் எழுந்தார். பழக்கத்தில் கை எண்ணெய்ப் புட்டிக்குப் போய், பாதியில் நின்றது.

"ஜெபம் பண்ணிட்டுப் போறீங்களா சிஸ்டர்?"

"பண்ணுங்க பாஸ்டர். யாரையும் அதட்டாம பண்ணுங்க."

அவர் கண்களை மூடினார். அவருடைய ஜெபங்கள் எல்லாமே கட்டளைகளாக இருக்கும். வெளியே வா, ஓடிப்போ, கட்டுகிறேன், அழிக்கிறேன். வெறும் கேட்பது அவருக்கு வரவில்லை. ஆண்டவரே என்றார். நிறுத்தினார். மறுபடி ஆண்டவரே என்றார். அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல், கடைசியில், தான் உட்பட, அங்கே இருந்த மூன்று பேருடைய பெயரையும் மட்டும் சொன்னார். பிறகு குழந்தையின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, ஆமென் என்றார்.

அவள் கண்ணை மூடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாசலில் செருப்பைப் போடும்போது அவன் நாற்காலியிலிருந்தே கேட்டான். "பஸ் வரைக்கும் கூட வரட்டுமா?"

"வேண்டாம்."

முன்பென்றால் வேண்டாம் என்றாலும் பின்னாலேயே வருவான். அவள் படியிறங்கி, தெருவுக்கு வந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது. அவளுக்காக அங்கேயே இருந்தானா, வேறு வழியில்லாமல் இருந்தானா, அதை அவளால் சொல்ல முடியாது. நாற்காலியிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பேருந்து வந்தது. கூட்டமில்லை. அவள் முன்பக்கம் ஒரு இருக்கையில் உட்கார்ந்து, பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு, மகளிடம் என்ன சொல்ல வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.